எண்ணத் தொடங்கும் இடம்

அப்பா தன் வாழ்நாளில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தான் செத்தால் அம்மாவின் குழியிலேயே தன்னை வைக்க வேண்டும். பக்கத்துக் குழியில் அல்ல, அதே குழியில். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் அது வழக்கம்தான். முதலில் போனவரின் எலும்புகளைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் கட்டி, அடுத்தவரின் பெட்டியை இறக்கிய பிறகு கால்மாட்டில் அந்த மூட்டையை வைத்து மூடிவிடுவார்கள். "வேற ஒண்ணும் நீ எனக்குச் செய்ய வேணாம்டா" என்பார். நான் அமெரிக்காவிலிருந்து ஸ்வெட்டர் வாங்கி வந்தாலும் சரி, வலிக்கு மருந்து வாங்கி வந்தாலும் சரி, பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரியில் வைத்துவிட்டு இதையே சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். உயிரோடு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் குழியைப் பற்றி எவ்வளவுதான் பேசுவது?

எங்கள் ஊர் பூதலூருக்குப் பக்கம். அப்பா பம்புசெட் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் எந்த மோட்டார் மூச்சை நிறுத்தினாலும் அவருக்குத்தான் ஆள் வரும். பேச்சு குறைவு, பேசினால் வெடுக்கென்று இருக்கும். நான் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது அம்மா போய்விட்டாள். ஐப்பசி அடைமழை. குழியில் ஊறிய தண்ணீரை அப்பாவே தன் ஆயில் இன்ஜினைக் கொண்டுவந்து இறைத்தார். பெண்டாட்டியின் குழிக்கு பம்பு வைத்து இறைத்த மனிதர் அவர். அன்றைக்கு அவர் அழவில்லை. இன்ஜின் சத்தத்தில் அழுதாரோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று பக்கமும் வயல். இடம் சின்னது. அதனால் யாரும் சிமெண்ட் பூசி கல்லறை கட்டக் கூடாது, மண்மேடு மட்டும்தான் என்று பங்கில் கட்டுப்பாடு. வண்டல் மண்ணில் மேடு ஒரு மழைக்காலம் தாங்காது. கரைந்து தரையோடு தரையாகிவிடும். மரச்சிலுவை நட்டால் கரையான் தின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில் வரும் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அவரவர் போய் மண் அணைத்து மேடு கட்ட வேண்டும். மறுநாள் பூ, மெழுகுவர்த்தி, பங்குச் சாமியாரின் மந்திரிப்பு. தொடர்ந்து இரண்டு திருநாளைக்கு ஆள் வராத குழி பங்குக்குத் திரும்பிவிடும். அதை வேறொருவருக்கு வெட்டலாம்.

சரி, மேடே இல்லாத தரையில் தன் ஆளின் குழி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நடுவில் ஒரு பெரிய சிலுவை நின்றது. எல்லோரும் அதிலிருந்துதான் எண்ணுவார்கள். சிலுவைக்கு முதுகைக் காட்டி நில், மூன்றாவது வரிசைக்குப் போ, இடது கைப்பக்கம் ஐந்தாவது குழி. அதுதான் அம்மா. இதை அப்பா எனக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பதைவிடக் கவனமாகச் சொல்லிக்கொடுத்தார். நானும் மறக்கவில்லை. இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அம்மாவுக்கு அந்தப் பக்கம், ஆறாவதில், எங்கள் ஊர்க்கார அம்மாள் ஒருவரின் கணவர். அந்த அம்மாளும் வருடம் தவறாமல் வருவார். அப்பாவும் அவரும் மழையில் ஒருவர் தீப்பெட்டியை ஒருவர் கடன் வாங்கிக்கொண்டு, மற்றபடி ஒரு வார்த்தை பேசாமல், அவரவர் மேட்டருகே உட்கார்ந்திருப்பார்கள். அப்பா அவரைப் பக்கத்துக் குழிக்காரம்மா என்றுதான் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரம்மா என்று சொல்கிற மாதிரி.

நான் இரண்டாயிரமாவது ஆண்டுக் கோளாறுக்கு ஆள் எடுத்த ஒய்டூகே அலையில் அமெரிக்கா போனவன். என் வேலை என்ன என்பதை அப்பாவுக்குக் கடைசிவரை விளக்க முடியவில்லை. "கம்ப்யூட்டருக்கு உள்ள ரிப்பேர் பாக்கறேன்ப்பா" என்று ஒரு தடவை சொன்னேன். "ஸ்பேனர் இல்லாம என்னடா ரிப்பேர்" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த வேலையில் ஒரு சின்ன சமாச்சாரம் உண்டு. அதை இங்கே சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் ஓடும். ஒவ்வொன்றையும் த்ரெட் என்போம். எல்லா த்ரெட்டுக்கும் நினைவகம் பொது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனக்கே தனக்கென்று கொஞ்சம் இடம் இருக்கும். அந்த இடம் எங்கே தொடங்குகிறது என்று பிராசசருக்குள் ரெஜிஸ்டர் என்ற ஒரு குட்டி அறை நினைவு வைத்திருக்கும். த்ரெட்டுக்குத் தெரிந்தது தூரம் மட்டும்தான்: தொடக்கத்திலிருந்து இத்தனை தள்ளி. தொடக்கம் எது என்று அது ஒருநாளும் சோதித்துப் பார்க்காது. ரெஜிஸ்டர் சொன்னால் சொன்னதுதான்.

அந்தத் தொடக்கத்தை நாமே மாற்றிவைக்க லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கட்டளை இருக்கிறது, சிஸ்டம் கால் என்போம். ஆர்ச் பிஆர்சிடிஎல் என்று அதற்குப் பெயர். வாயில் நுழையாத பெயர்தான். முகவரியைக் கொடுத்து அழைத்தால் மறுபேச்சு இல்லாமல் மாற்றிவிடும். பழைய இடத்தை நம்பி யாராவது இருக்கிறார்களா, அவர்களிடம் சொல்லிவிட்டாயா என்றெல்லாம் கேட்காது. பூஜ்யத்தைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாலே இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

சுனாமி வந்தபோது என் தங்கை வேதாரண்யத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் குடும்பத்துக்கு உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஊர்களில் கிணறெல்லாம் கடல்தண்ணீர். அப்பா இன்ஜினை வேனில் ஏற்றிக்கொண்டு போனவர், கிணறு கிணறாக உப்புத்தண்ணீரை இறைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். இறைக்க இறைக்க உப்பு ஊறியது. வந்துவிடுங்கள் என்று நான் போனில் கத்தினேன். "குடிக்கத் தண்ணி இல்லாம கெடக்குதுங்க, நீ போன வைடா" என்றார். மறு ஐப்பசிக்குத்தான் ஊர் திரும்பினார், அதுவும் அம்மாவுக்கு மண் அணைக்க வேண்டும் என்பதற்காக.

அவர் இல்லாத அந்தக் கோடையில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வேலை நடந்திருந்தது. ஊரில் இளவட்டங்கள் யாரும் இல்லை. பாதிப்பேர் வளைகுடாவில், மீதிப்பேர் திருப்பூரிலும் சென்னையிலும். பெட்டியைத் தோளில் சுமக்க ஆள் கிடைக்கவில்லை. இனி வண்டியில்தான் கொண்டுவர வேண்டும் என்று ஆகிவிட்டது. வண்டி உள்ளே வந்து திரும்ப வேண்டுமானால் நடுவில் நிற்கும் சிலுவை இடைஞ்சல். யாரோ ஒரு வளைகுடாக்காரர் உபயத்தில் தரைக்கு மண்ணடித்து உயர்த்தி, சிலுவையைக் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் புதுப் பீடத்தில் நட்டிருந்தார்கள். அதற்கு முன்னால், அவரவர் வந்து தங்கள் குழிக்கு முளை அடித்துக்கொள்ளுங்கள் என்று கோயிலில் அறிவித்திருக்கிறார்கள். ஊரில் இருந்தவர்கள் எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். வேதாரண்யத்துக் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்த அப்பாவுக்கு அது கேட்டிருக்க வழியில்லை. எனக்கும் இதெல்லாம் பிற்பாடு தெரிந்ததுதான்.

அந்த வருடக் கல்லறைத் திருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, போன் கார்டைச் சுரண்டி எண்ணைப் போட்டு வீட்டுக்குப் பேசினேன்.

"புது மண்ணு அடிச்சு, செலுவைக்குப் பெயிண்ட்டு கியிண்ட்டு அடிச்சு ஜோராத்தான் வெச்சிருக்கானுவோ" என்றார் அப்பா. "மண்ணு அணைச்சேன், வத்தி வெச்சேன். ஒங்கம்மாகிட்ட ஒனக்காகவும் சொன்னேன்."

"மழை இருந்துச்சா?"

"செம மழை. ஆனா ஒண்ணுடா, அந்தப் பக்கத்துக் குழிக்காரம்மாவுக்குத் தடுமாறிப் போச்சு."

"என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"புது மண்ணுல கணக்கு விட்டுப்போச்சு போல. தள்ளிப் போயி வேற யாரு குழியிலயோ உக்காந்து அழுவுது. அதுவும் ஒண்ணுக்கு ரெண்டு குழிக்கு மண்ணு அணைச்சு வெச்சிருக்கு. எது தன்னோடதுன்னே தெரியல பாவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "சொல்ல வேண்டியதுதானப்பா."

"புருஷன்னு நெனச்சு ஒரு பொம்பள அழுவுறப்ப, நான் போயி இது ஒன் புருஷன் இல்லன்னு சொல்லவா?" என்றார்.

அதே மாதங்களில்தான் நானும் ஆபீசில் ஒரு கோளாறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியின் பழைய புரோகிராமைப் புதிய 64 பிட் எந்திரத்துக்கு மாற்றும் வேலை. ஓடியது. சோதனைகள் எல்லாம் தேறின. ஆனால் எப்போதாவது ஒரு வாடிக்கையாளரின் தகவலில் சம்பந்தமில்லாத ஓர் எண் வந்து உட்கார்ந்திருக்கும். யார் எழுதியது என்று தெரியாது. நான் சாப்பாடு தூக்கம் இல்லாமல் தேடினேன். மேனேஜர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிக்கொண்டிருந்தது.

கடைசியில் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான். பழைய எந்திரத்தில் எஃப்.எஸ். என்ற ரெஜிஸ்டர் சும்மா கிடந்தது, எங்கள் ஆட்கள் அதைத் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். புதிய எந்திரத்திலும் அதே பழக்கத்தில், அந்த ஆர்ச் பிஆர்சிடிஎல்லை அழைத்து, அதையே மாற்றிவைத்தார்கள். ஆனால் இங்கே அது சும்மா கிடக்கவில்லை. எல்லாப் புரோகிராமுக்கும் அடியில் இருக்கும் சி லைப்ரரி தன் சொந்த இடத்தை அதிலிருந்துதான் எண்ணிக்கொண்டிருந்தது. நாங்கள் தொடக்கத்தை நகர்த்தியது அதற்குத் தெரியாது. அது வழக்கம்போல எண்ணி, வேறு யாருடைய இடத்திலோ போய் எழுதியது. பிறகு அதே இடத்துக்குப் போய்ப் படித்தது. எழுதிய இடமும் தப்பு, படித்த இடமும் அதே தப்பு. அதனால் அதன் கணக்கு ஒருநாளும் இடறவில்லை. தான் தன் வீட்டில்தான் இருக்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு அது அங்கே குடியிருந்தது.

எஃப்.எஸ்ஸை எடுத்துவிட்டு, சும்மா கிடந்த ஜி.எஸ். ரெஜிஸ்டரைப் போட்டேன். சரியாகிவிட்டது. ஆபீசில் கை குலுக்கினார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவிடம் பேசினேன். மோட்டார் காயில், உர விலை, தங்கை பிள்ளைகள். குழியைப் பற்றியும் வழக்கம்போல ஞாபகப்படுத்தினார். சரி சரி என்றேன். பின்னால் நடந்ததில் நான் செய்த தப்பு என்று ஒன்றும் இல்லை. யார் தப்பும் இல்லை. யார் மேலாவது தப்பு இருந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியாவது ஆறியிருப்பேன்.

அதன் பிறகு சில வருடங்கள் அப்பா இருந்தார். ஒவ்வொரு திருநாளும் மண் அணைத்தார். ஒருமுறை நான் ஊர் வந்திருந்தபோது காலையில் என்னையும் கூட்டிப் போனார். சிலுவைக்கு முதுகைக் காட்டி நின்று, சின்னப் பையனிடம் காட்டுவது மாதிரி விரல் நீட்டி எண்ணிக் காட்டினார். அப்போது அது தரைதான், மேடு இல்லை. முழந்தாளிட்டு அந்தப் புல்லைத் தடவினார். "ஒம் மவன் வந்திருக்கான் பாரு" என்றார். நான் இல்லாத நாளெல்லாம் இந்த மனிதர் தனியாக இங்கே வந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

மாசி மாதம் ஒரு விடியலில், கட்டிலை விட்டு எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். தங்கை போன் செய்தாள். நான் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. அதுவரை மரமாகத்தான் நின்றேன்.

குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு வந்து, "தம்பி, அம்மா குழியிலன்னு சொன்னாங்க. எதுன்னு காட்டுங்க" என்றார்.

காட்டினேன். அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு நிறைவு இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அந்த மனிதர் கேட்ட ஒன்றை நான் செய்துவிடப் போகிறேன். சிலுவைக்கு முதுகைக் காட்டி நின்றேன். மூன்றாவது வரிசை. இடது கைப்பக்கம் ஐந்தாவது.

இடுப்பளவுக்குக் கீழே போனதும் அவர் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அள்ள ஆரம்பித்தார். எலும்புகள் வந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்து மேலே நீட்டினார். தங்கை வெள்ளைத் துணியை விரித்தாள். கட்டி முடித்ததும் அந்த மூட்டையை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கனமே இல்லை. அம்மா, அம்மா என்று அழுதேன். எத்தனையோ வருடம் அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அந்த மூட்டையில் முகத்தை வைத்து அழுதேன். பங்குச் சாமியார் வந்து தோளைத் தொடும்வரை விடவில்லை. பிறகு அப்பாவை இறக்கினோம். அவர் கால்மாட்டில் மூட்டையை வைத்தோம். வண்டி புதுப் பீடத்துச் சிலுவையைச் சுற்றித் திரும்பி வெளியே போனது.

பக்கத்துக் குழிக்காரம்மா அன்றைக்கு வரவில்லை. திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். பேத்திக்குப் பிரசவமாம். அப்போது அதை நான் காதில் வாங்கிக்கொள்ளக்கூட இல்லை.

அந்த வருடத் திருநாளுக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன். இனி மண் அணைக்க ஊரில் ஆள் யார்? தூறலில் நனைந்துகொண்டே மேடு கட்டினேன். மறுநாள் காலையில் பூவோடும் மெழுகுவர்த்தியோடும் போனபோது அந்த அம்மாள் வந்திருந்தார். தலை நன்றாக வெளுத்திருந்தது. அப்பா சொன்ன மாதிரியே தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு மேடு, இரண்டிலும் மெழுகுவர்த்தி. பாவம், இன்னமும் தடுமாற்றம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவால் முடியாததை நான் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா போனதுக்கு வர முடியல தம்பி. புள்ள பெத்த பேத்திய விட்டுட்டு நவுர முடியல. ஊருக்கு வந்து கேட்டதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. அங்க ஏன் தம்பி வெச்சீங்க?"

"அம்மா குழியிலதாங்க வெச்சோம். அதைத்தான் அவரு கேட்டாரு."

அவர் தன் எதிரே இருந்த இரண்டு மேடுகளில் ஒன்றைக் காட்டினார்.

"இதுதான தம்பி ஒங்கம்மா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். மண்ணடித்தது, சிலுவையை நகர்த்தியது, முளை அடிக்கச் சொன்னது. "ஒங்கப்பா வேதாரண்யத்துல இருந்தாருல்ல. அதான் எங்க வீட்டுக்காரருக்கு அடிக்கறப்ப ஒங்கம்மாவுக்கும் நானே ஒரு முளை அடிச்சேன். வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவரு வந்தாரு, நவுத்துன செலுவையிலேருந்து எண்ணிக்கிட்டு நேராப் போயி அங்க உக்காந்தாரு."

"நீங்க சொல்லியிருக்கலாமேங்க." குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"எப்படித் தம்பி சொல்றது? புல்லத் தடவித் தடவிப் பேசிக்கிட்டு இருந்தாரு. அழுதுகிட்டு இருக்கற மனுஷன்கிட்ட போயி, இது ஒங்க பொண்டாட்டி இல்லன்னு சொல்லவா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் சொல்லுவோம், அடுத்த வருஷம் சொல்லுவோம்னே போச்சு. ஆளு வரலைன்னு ஒங்கம்மா குழிய வேற யாருக்காவது வெட்டிடப் போறாங்களேன்னுதான் நானே மண்ணு அணைச்சு வத்தி வெச்சுக்கிட்டு வந்தேன். அவருக்குன்னுதான் தம்பி காப்பாத்தி வெச்சிருந்தேன்."

அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் வந்தது. உடனே அது போய்விட்டது. அவர் கையில் சேறு காய்ந்திருந்தது, என் அம்மாவுக்கு அணைத்த சேறு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சாமியாரிடம் போய்க் கேட்டேன். ஈரம் காயாத குழி, கிளற வேண்டாம், அவர்கள் இருவரும் ஆண்டவரிடம் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றார். அவர் அதைத்தான் சொல்ல முடியும். தங்கையிடம் இன்றுவரை நான் இதைச் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

திரும்பி வந்து அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அந்த அம்மாள் தன் தீப்பெட்டியைத்தான் கொடுத்தார். பிறகு அப்பாவிடம் போய் ஒன்று ஏற்றினேன். அவர் கால்மாட்டில், நான் முகம் புதைத்து அழுத அந்த மூட்டையில் இருப்பது யார் என்று ஊரில் விசாரித்தும் தெரியவில்லை. எங்கேயோ பிழைக்கப் போன ஒரு குடும்பத்தின் ஆள். அவருக்கும் ஒன்று ஏற்றினேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரே ஒரு குழிதான். எட்டி நடந்தால் போய்விடலாம். அவர் கேட்டது அது ஒன்றுதான்.